லேபிள் இல்லாத ராக் பேண்டுக்கு ரோடு க்ரூ: வெறும் சாமான் தூக்கும் வேலைதானா?

புதுக்கை:
நண்பர்கள் நால்வர் ராக் பேண்ட் நடத்துகிறார்கள். எந்த லேபிளும் (பாட்டு வெளியிடும் கம்பெனி) இன்னும் எடுக்கவில்லை. சின்ன இடங்களில், ஒரே ராத்திரியில் இன்னும் சில பேண்டுகளோடு சேர்ந்து வாசிக்கிறார்கள். "சாமான் தூக்க ஆள் வேண்டும், கூட வா" என்று கூப்பிடுகிறார்கள். எனக்கு கிட்டாரில் ஒரு கார்டு பிடிக்கக்கூடத் தெரியாது. போய் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? கையில் என்ன எடுத்துப்போவது?

கேபிள்சுருட்டி:
தாராளமாகப் போங்கள். வாசிக்கத் தெரியாதது ஒருவகையில் நல்லதுதான். சவுண்ட் செக்கில் (ஷோவுக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் நேரம்) கிட்டாரை எடுத்து நோண்டிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

தூக்குவது பெரிய விஷயமில்லை. ஒரு பேண்ட் இறங்கி அடுத்தது ஏறும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் வேலையே. டிரம்மர் மேடையில் உட்கார்ந்து சாவகாசமாக சிம்பல் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) கழற்ற ஆரம்பித்தால் விடாதீர்கள். ஸ்டாண்டோடு தூக்கிக் கீழே வைத்துவிட்டு, அங்கே கழற்றச் சொல்லுங்கள். டிரம்ஸுக்கு விரிப்பு கட்டாயம். இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்க பாஸ் டிரம் முன்னால் நகர்ந்து பாடகர் காலடிக்கே வந்துவிடும். ஸ்டாண்டுகளின் கால் வரும் இடங்களை விரிப்பில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டால் அடுத்த முறை அளந்து பார்க்க வேண்டியதில்லை. வண்டியில் டிரம்ஸைக் கடைசியாக ஏற்றுங்கள், மேடைக்கு முதலில் போவது அதுதான்.

இப்போது கேபிள். கிட்டார் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டிலும் அதே 6.35 மி.மீ. ஜாக். ஆம்ப் ஹெட்டிலிருந்து (ஒலியைப் பெருக்கும் பெட்டி) கேபினெட்டுக்கு (ஸ்பீக்கர் இருக்கும் பெட்டி) ஸ்பீக்கர் கேபிள்தான் போக வேண்டும். கிட்டார் கேபிளின் உள்கம்பி மெல்லியது, சூடாகும். அது பாதியில் போய்விட்டால் ட்யூப் ஆம்பின் (வால்வில் இயங்கும் ஆம்ப்) அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் கூடவே போகலாம். அதனால் ஸ்பீக்கர் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவிடுவேன். கேபினெட்டை மாட்டாமல் ட்யூப் ஆம்பின் சுவிட்சில் கை வைக்கவே கூடாது.

இன்னொன்று, இதில் சமரசமே கிடையாது. ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் யாராவது ஒருவர் "எர்த் பின்னைக் கழற்றிவிடு, சரியாகிவிடும்" என்பார். இரைச்சல் போகலாம். ஆனால் அந்த ஆம்பில் கோளாறு இருந்தால், கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைக்கும் ஆள் வழியாகத்தான் கரண்ட் பாயும். நான் உதவிக்குப் போன ஒரு இடத்தில் எர்த் பின் ஒடிந்த பிளக்கை நீட்டி "எல்லாரும் இதில்தான் வாசிக்கிறார்கள்" என்றார்கள். எங்கள் ஆம்பை அதில் மாட்டவிடவில்லை. டிஐ பாக்ஸில் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும்தான் துண்டிக்கும், முதலில் அதைத் தட்டிப் பாருங்கள்.

பையில் காஃபர் டேப் (மேடையில் கேபிளை ஒட்டும் துணி டேப்; டக்ட் டேப் வேண்டாம், உரித்தால் பிசின் ஒட்டிக்கொண்டு நிற்கும்), நெற்றியில் மாட்டும் டார்ச், டிரம் கீ (டிரம்ஸின் திருகைத் திருப்பும் சாவி), 9 வோல்ட் பேட்டரி, ஆம்புக்கான ஃப்யூஸ், ஒரு செட் கிட்டார் கம்பி, நல்ல கேபிள் இரண்டு. போதும்.

ஸ்நேர்_ராஜா:
டிரம்மர்கள் சார்பாக ஒரு ஆட்சேபம்: நாங்கள் சாவகாசமாகக் கழற்றவில்லை, சிம்பலை இறுக்கும் விங் நட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம்! அந்தக் குட்டி நட்டும் மெத்தென்ற ஃபெல்ட் துண்டும் இருட்டில் உருண்டு போனால் அவ்வளவுதான். புதுக்கை, பையில் நாலைந்து உபரியாகப் போட்டு வையுங்கள், டிரம்மர் உங்களைக் கும்பிடுவான்.

புதுக்கை:
நன்றி அண்ணா. பணம் பற்றிப் பேசலாமா? நண்பர்கள் என்பதால் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

கேபிள்சுருட்டி:
முதல் ஷோவுக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள், தம்பி. அவர்களுக்கே பெரிதாக ஒன்றும் தேறாது, உண்மைதான். ஆனால் வண்டிச் செலவும் உங்கள் சாப்பாடும் வசூலிலிருந்து முதலில் கழிய வேண்டும், மீதியைத்தான் பங்கு போட வேண்டும். வேலை எதுவரை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் டி-ஷர்ட் விற்பது, போட்டோ எடுப்பது, விடியற்காலையில் எல்லாரையும் வீட்டில் இறக்கிவிடுவது எல்லாம் உங்கள் தலையில் விழும். வண்டி ஓட்டுவதும் நீங்கள் என்றால், சாமான் ஏற்றுவதையும் தனியாளாகச் செய்ய முடியாது. ஆகவே ஷோ முடிந்ததும் சாமான் ஏற்ற நால்வரும் வர வேண்டும், ரசிகர்களோடு அரட்டை அதற்கப்புறம்.

காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் என்ஐஓஎஸ்ஹெச் (பணியிடப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம்) பரிந்துரைப்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். ரசிகர் வருவார், போவார். நீங்கள் ராத்திரி முழுக்க சிம்பலுக்குப் பக்கத்தில்தான் நிற்பீர்கள்.

புதுக்கை:
சனிக்கிழமைக்குள் ஒரே ஒரு விஷயம் பழக வேண்டும் என்றால் எது?

கேபிள்சுருட்டி:
கேபிள் சுருட்டுவது. உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே சுற்றாதீர்கள், உள்ளே முறுக்கேறிக் கம்பி அறுந்துவிடும். ஒரு வளையம் நேராக, அடுத்தது மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக, இப்படி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு முனையைப் பிடித்து வீசினால் சிக்கலில்லாமல் ஓட வேண்டும். முடிச்சு விழுந்தால், கடைசி முனையை வளையத்துக்குள் விட்டு இழுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.