ஒரு மரம் பத்து ஏசிக்குச் சமமா?

கணக்கன்: 'ஒரு பெரிய மரம் பத்து ஏசிக்குச் சமம்' என்ற படம் மறுபடியும் சுற்றுகிறது. பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 0.68 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் போகும். மரம் நாளுக்கு 100 லிட்டரை இலை வழியே விட்டால் 68 யூனிட். ஒரு டன் ஏசி 20 மணி நேரம் ஓடினால் 70 யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். ஆக, ஒரு மரம், ஒரு ஏசி. பத்து எங்கிருந்து வந்தது?

நிழலி: உங்கள் கணக்கில் நிழல் எங்கே? பாதி வெயிலிலும் பாதி மரத்தடியிலும் கிடக்கும் இரும்பு பெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். ஒரு முனையில் கை வைக்க முடியாது, மறுமுனையில் ஆள் உட்கார்ந்து தூங்குவார். மரம் சூட்டை வரவிடாமலே தடுக்கிறது. ஏசியோ உள்ளே எடுத்த சூட்டைத் தெருவில் கொட்டுகிறது.

கணக்கன்: நான் நிழலைக் கேட்டேனா? பத்தைக் கேட்டேன். பத்துக்கு 1,000 லிட்டர் வேண்டும். யார் ஊற்றுவது?

வேர்: பத்து, பத்து என்று ஏலம் போடாதீர்கள். 2023இல் லான்செட் மருத்துவ இதழில் 93 ஐரோப்பிய நகரங்களைப் பற்றிய ஆய்வு வந்தது. நகரப் பரப்பில் மரங்கள் மூடும் பங்கை 30 சதவீதமாக்கினால், நகரச் சூட்டால் கோடையில் நேரும் சாவுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் தவிர்க்கலாம் என்கிறது.

கணக்கன்: அதே ஆய்வில் சராசரியாகக் குறையும் வெப்பம் 0.4 டிகிரிதான். அதைச் சொல்ல மனம் வரவில்லையா?

நிழலி: அந்த 0.4தானே அத்தனை உயிரைக் காக்கிறது! பாதியைப் படித்துவிட்டு வந்து பாடம் எடுக்கிறீர்கள்.

கணக்கன்: முழுதும் படித்தேன். பத்து ஏசி அதில் இல்லை. வேர் அவர்களே, தெரு முழுக்க ஒரே இன மரம் நடச் சொன்னவர் நீங்கள்தானே? அமெரிக்க நகரங்களில் வரிசையாக நட்ட எல்ம் மரங்கள் ஒரே பூஞ்சை நோயில் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஓர் இனம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1990இலேயே அமெரிக்க மர ஆய்வாளர் சாண்டமூர் சொல்லிவிட்டார்.

வேர்: அது ஒரே ஒரு சந்துக்குச் சொன்னது. ஆறு மாதமாக அதையே பிடித்துத் தொங்குகிறீர்கள்.

இலைமறை: சூடு மட்டுமா விஷயம்? 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் பார்த்தவர்கள் செங்கல் சுவர் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வலி மருந்தும் குறைவாகவே கேட்டார்கள்.

கணக்கன்: மொத்தம் 46 பேர். அதை வைத்து ஊருக்கே சட்டம் போடுவீர்களா?

இலைமறை: அதில் மரம் பார்த்த 23 பேர் வலி மருந்தைக் குறைவாகக் கேட்டது உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லையா?

கணக்கன்: பேச்சை மாற்ற வேண்டாம். நானும் மரம் நடுகிறவன்தான். மூன்று வருடம் குடம் சுமந்து தண்ணீர் ஊற்றியவன். அதனால்தான் பொய்க் கணக்கு பொறுக்கவில்லை. பத்துக்குக் கணக்கு காட்டுங்கள்.

நிழலி: சரி, நிழலையும் சேர்த்துப் போட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் பேசுவோம்.

கணக்கன்: பத்து என்ற படத்துக்காக வாதாடுவது நீங்கள். கணக்குப் போட வேண்டியதும் நீங்கள்தான்.