ஒரு நோட்ரம்புக்குப் பதில் டிரான்ஸ்ஃபரா, நேர்க் கேள்வியா?

தோ பாயோ பெரியவர்:
எங்கள் சமூக மன்றத்து ஞாயிறு பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் இனி எல்லாரும் டிரான்ஸ்ஃபர் ஆட வேண்டுமாம். கூட்டாளி ஒரு நோட்ரம்ப் (துருப்பு இல்லாமல் ஏழு பிடி எடுப்பேன் என்ற ஏலம்) கேட்டால், ஐந்து ஆர்ட்டின் உள்ளவர் இரண்டு டைமண்ட் கேட்டு, கூட்டாளியை இரண்டு ஆர்ட்டின் சொல்ல வைக்க வேண்டும். ஐந்து ஸ்பேடு என்றால் இரண்டு ஆர்ட்டின். இருப்பதைச் சொல்ல என்ன வெட்கம்? போன வாரம் எதிரே அமர்ந்தவர் மறந்துபோய் இரண்டு டைமண்டிலேயே பாஸ் சொல்லிவிட்டார். என் கையில் டைமண்ட் ஒன்றே ஒன்று!

யீஷூன் கவிதா:
ஐயா, மறதிக்கு முறை என்ன செய்யும்? பெரிய சீட்டுகளின் கணக்கில் கூட்டாளியிடம் 15-17 புள்ளி, உங்களிடம் நான்கு. அவருடைய ஸ்பேடில் ஏஸும் ராணியும் இருக்கின்றன. நீங்களே ஆர்ட்டின் கேட்டு ஆடினால் அவர் கை மேசையில் விரியும். உங்கள் இடப்பக்கத்துக்காரர் ஸ்பேடு இறக்குவார். மேசைக்கு அடுத்து ராஜாவோடு காத்திருப்பவருக்குக் கொண்டாட்டம். டிரான்ஸ்ஃபரால் கூட்டாளி ஆடினால், முதல் பிடியில் அவர் கடைசியாகச் சீட்டுப் போடுவார். எதிராளி ராஜாவை வைத்துக்கொண்டு ஸ்பேடு இறக்கினால் இரண்டு பிடியும் கூட்டாளிக்கே.

தோ பாயோ பெரியவர்:
அம்மா, நான் ஆடுவது ஏக்கோல் என்ற பிரிட்டிஷ் ஏல முறை, 12-14 புள்ளி நோட்ரம்ப். இரண்டு கையும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் எது மறைந்தால் என்ன? தவிர, பொய்யான இரண்டு டைமண்டை எதிராளி டபுள் (மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கும் சவால்) செய்தால், ‘டைமண்ட் இறக்கு’ என்று அவர் கூட்டாளிக்கு இலவசத் தகவல்.

பொங்கோல் ரவி:
டபுள் விஷயத்தில் ஐயா சொல்வது சரிதான். ஆனால் வலுவான கையை மறைப்பதைவிடப் பெரிய லாபம், மறுபடி பேசக் கிடைக்கும் வாய்ப்பு. 15-17 நோட்ரம்புக்கு எதிரே எட்டு ஒன்பது புள்ளியும் ஐந்து ஸ்பேடும் இருந்தால், டிரான்ஸ்ஃபருக்குப் பின் இரண்டு நோட்ரம்ப் கேட்கிறேன். பத்து இருந்தால் மூன்று நோட்ரம்ப். மூன்று ஸ்பேடு வைத்திருக்கும் கூட்டாளி நான்கு ஸ்பேடுக்கு மாற்றிக்கொள்வார். அமெரிக்க ஆட்டக்காரர் ஆஸ்வால்ட் ஜேக்கபி 1956-இல் எழுதிப் பரப்பிய முறை இது. ஸ்வீடனில் ஓலே வில்னர் அதற்கும் முன்பே எழுதிவிட்டார். நேற்று முளைத்த மோஸ்தர் அல்ல.

தோ பாயோ பெரியவர்:
வரலாறு இருக்கட்டும் தம்பி. ஆறு டைமண்டும் மூன்று புள்ளியும் வைத்திருப்பவர் இரண்டு டைமண்டில் நிற்க முடியாமல் எங்கே போவார்?

யீஷூன் கவிதா:
இரண்டு ஸ்பேடு என்ற ஏலம் இப்போது சும்மாதானே கிடக்கிறது? அதைக் கேட்டால் கூட்டாளி மூன்று கிளாவர் சொல்லட்டும். இவர் மூன்று டைமண்டுக்குத் திருத்திக்கொள்ளலாம்.

தோ பாயோ பெரியவர்:
இரண்டு டைமண்டில் எட்டுப் பிடியோடு நிற்க வேண்டிய கையை ஒன்பதுக்கு ஏற்றிவிட்டீர்கள். அந்த ஒரு பிடியை யார் தருவார்?

பொங்கோல் ரவி:
யாரும் தரமாட்டார்கள், போகட்டும். அப்படிப்பட்ட கை எப்போதாவது வரும். ஐந்து ஆர்ட்டினோ ஸ்பேடோ அடிக்கடி வருகிறது, அங்கே வாங்கிக்கொள்கிறேன்.