மைனஸ் 38-இல் கிரேடர் டிப்ஸ்டிக் வழியாக ஆயிலைத் தள்ளுகிறது, யாராவது உதவுங்கள்

ஏரிமேல்_கிரேடர் (மதியம் 2:10)

வணக்கம். கனடாவில் யெல்லோநைஃபுக்கு வடக்கே, வைரச் சுரங்கங்களுக்குப் போகும் திபிட் - கான்ட்வாய்டோ குளிர்காலச் சாலையில் மோட்டார் கிரேடர் (நடுவே நீளமான பிளேடு வைத்துச் சாலையைச் சுரண்டும் வண்டி) ஓட்டுகிறேன். இதற்கு முன் கத்தாரில் பத்து வருடம் இதே வேலை. அங்கே எஞ்சின் கொதிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பாடு. இங்கே எல்லாம் தலைகீழ். ஐஸ் சாலையில் இது எனக்கு முதல் குளிர்காலம்.

உறைந்த ஏரிகளின் மேல் விழும் பனியை ஒதுக்குவது என் வேலை. பனி கம்பளி மாதிரி. அது கிடந்தால் கீழே ஐஸ் தடிக்காது.

மூன்று நாளாக இங்கே மைனஸ் 38, மைனஸ் 41 என்று ஓடுகிறது. காலையில் கேம்ப்பில் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒரே சுற்றில் பிடித்துக்கொள்கிறது. இன்று எனக்கு முன்னால் ரேடார் வைத்து ஐஸ் தடிப்பு அளக்கும் குழு போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வழிவிடும் வரை மூன்று மணி நேரம் வண்டியை நகர்த்தாமல், எஞ்சினை மட்டும் ஐடிலில் ஓடவிட்டுக் காத்திருந்தேன். அப்புறம் கிளப்பிய பத்தாவது நிமிடம் ஆயில் வாடை. இறங்கிப் பார்த்தால் டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இரண்டு விரல் உயரம் மேலே எழும்பி நிற்கிறது, அந்தப் பக்கம் முழுக்க ஆயில். அழுத்தி உள்ளே தள்ளினேன். சற்று நேரத்தில் மறுபடியும் அதே கதை. முன்பக்க புல்லிக்குக் கீழேயும் சொட்டுகிறது.

காலையில் ஆயில் அளவு சரியாக இருந்தது. 0டபிள்யூ-40 சிந்தெட்டிக். ஆயில் பிரஷர் முள்ளும் சரி. எஞ்சின் ஓடியது 3,100 மணி நேரம்தான். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் கிளைக்கால் பாதி, தண்ணீர் பாதி, அதாவது 50:50 என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கிறது.

வண்டியை அணைத்து இருபது நிமிடம் ஆகிறது. கூலன்ட்டைச் சூடாக்கும் டீசல் ஹீட்டர் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் எஞ்சின் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. மெக்கானிக் வேறு வேலையில் இருக்கிறார், நாளை மதியம்தான் வருவாராம். என்னிடம் ஒரு பிக்கப், சின்ன ஜெனரேட்டர், சூடான காற்று ஊதும் ஹீட்டர் ஒன்று இருக்கின்றன. வண்டி நிற்பது ஏரி நடுவே.

நாமக்கல்_டீசல் (2:22)

டிப்ஸ்டிக் எழும்புகிறது என்றால் பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் போய்விட்டது என்று அர்த்தம். கம்ப்ரஷன் கீழே இறங்கி அடியில் ஆயில் நிற்கும் சம்பை அழுத்துகிறது. இருபது வருடமாக லாரி பட்டறை வைத்திருக்கிறேன், இதை நூறு தடவை பார்த்திருக்கிறேன். எஞ்சினை இறக்க வேண்டியதுதான்.

ஸ்காபரோ_லொறி (2:25)

தம்பி, எஞ்சினைப் பற்றி மற்றவர்கள் கதைக்கட்டும். நான் அந்த றோட்டில் மூன்று சீசன் டீசல் ஏற்றும் பவுசர் லொறி ஓடினவன். முதலில் ஒரு கேள்வி. நீங்கள் நிற்கிற இடத்தில் ஐஸ் எத்தனை சென்டிமீட்டர்? கிரேடர் எத்தனை டன்?

ஓடுகிற பாரத்துக்கு ஐஸ் கொடுக்கிற மரியாதை வேறு, நிற்கிற பாரத்துக்குக் கொடுக்கிற மரியாதை வேறு. ஒரே இடத்தில் நின்றால் ஐஸ் மெல்ல மெல்லத் தொய்யும். கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கப் போகிறதென்றால் சும்மா விட்டுவிட்டு இருக்கக்கூடாது.

ஏரிமேல்_கிரேடர் (2:29)

அண்ணா, காலையில் கொடுத்த கணக்கு 85 சென்டிமீட்டர். கிரேடர் 19 டன்.

ஸ்காபரோ_லொறி (2:37)

சரி. கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த கோல்ட் என்பவர் 1971-இல் எழுதின கணக்கைத்தான் இன்றைக்கும் அடிப்படையாக எடுக்கிறார்கள். தடிப்பைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, வருகிறதை 4-ஆல் பெருக்கினால் ஐஸ் தாங்கக்கூடிய கிலோ. 4 என்பது பயந்த ஆளின் எண், அதையே பிடியுங்கள். 85-க்கு 28,900 கிலோ வருது. ஓடுகிற 19 டன்னுக்குத் தாராளம். ஆனால் இரவு முழுக்க நிற்கிற 19 டன்னுக்கு இந்தக் கணக்கை நம்பிப் படுக்காதீர்கள்.

வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு துளை போடுங்கள். ஐஸ் மிதக்கிற பொருள். 85 சென்டிமீட்டர் ஐஸ் என்றால் துளைக்குள் தண்ணீர் மேல்மட்டத்துக்கு ஏழு சென்டிமீட்டர் அளவு கீழே நிற்கும். அரை மணிக்கு ஒருக்கா பாருங்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தால் ஐஸ் தொய்யுது என்று விளங்கும். துளையால் வெளியே வழிந்தால் வண்டியை மறந்துவிட்டு ஆள் விலகவேண்டும்.

இன்னொன்று. மெக்கானிக்கின் சேர்விஸ் லொறி வந்தால் கிரேடருக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்பாட்ட விடாதீர்கள். இரண்டு பாரமும் ஒரே தட்டில் விழும். தூரத்தில் விட்டுவிட்டு சாமானைச் சறுக்குப் பலகையில் இழுத்து வரட்டும். வேகமாகவும் வரக்கூடாது. ஐஸுக்குக் கீழே தண்ணீரில் அலை ஒன்று வண்டியோடு கூட ஓடும். ஐந்து மீட்டர் ஆழத்தில் அந்த அலையின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். லொறியும் அதே வேகத்தில் வந்தால் அலை பெருத்து ஐஸை உடைக்கும்.

லே_பட்டறை (2:41)

நாமக்கல் அண்ணன் சொன்னது நாமக்கல்லுக்குச் சரி. 3,100 மணி நேர எஞ்சினில், மூன்று மணி நேரம் ஐடிலில் நின்ற பிறகு, மைனஸ் 38-இல் திடீரென்று ரிங் போகாது.

நான் ராணுவ வண்டிப் பட்டறையில் இருந்தவன். லடாக்கில் ஏழு குளிர்காலம். இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பிறகு எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் எங்கே போய் முடிகிறது, அதன் நுனி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மூடியை மெதுவாகத் திறங்கள், முகத்தை நீட்டாதீர்கள்.

ஏரிமேல்_கிரேடர் (2:58)

பார்த்தேன். மூடியைத் திருகும்போது புஸ்ஸென்று காற்று வந்தது. அடியில் தயிர் ஆடை மாதிரி வெளுத்த பசை. பிரீதர் குழாய் எஞ்சின் பக்கவாட்டில் இறங்கி, சட்டத்துக்குக் கீழே ஒரு முழம் வெளியே தொங்குகிறது. நுனியில் வெள்ளையாக ஒரு கட்டி. விரலை விட்டேன், வழியே இல்லை. முழுக்க அடைத்திருக்கிறது!

துளையும் போட்டுவிட்டேன். தண்ணீர் ஆறரை சென்டிமீட்டர் கீழே நிற்கிறது.

லே_பட்டறை (3:06)

அதுதான். எஞ்சினுக்கு மூச்சு அடைத்துவிட்டது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். நல்ல எஞ்சினிலும் கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அதை வெளியேற்றத்தான் பிரீதர். அந்த ஈரக் காற்று மைனஸ் 38-இல் தொங்கும் இரும்புக் குழாய்க்குள் வந்தால் என்ன ஆகும்? சுவரில் உறைந்து, வளையம் வளையமாகத் தடித்து, கடைசியில் வழி மூடிவிடும். அப்புறம் உள்ளே சேரும் அழுத்தம் எங்கே பலவீனமோ அங்கே போகும். உங்களுக்கு டிப்ஸ்டிக் முதலில் எழும்பியது நல்ல காலம். அது இறுகி இருந்திருந்தால் ஆயில் கசியாமல் அடைக்கும் பின்பக்க மெயின் சீல் பிதுங்கியிருக்கும், அதை மாற்ற கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டும்.

ஐடிலில் இது ஏன் மோசம் என்றால், சும்மா ஓடும் எஞ்சின் சூடு ஏறாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு சேரும். நீங்கள் பார்த்த தயிர் அதுதான். லடாக்கில் டிராஸ் என்ற இடத்தில் நாங்கள் ஒரு டோசரை இரவெல்லாம் ஐடிலில் விட்டோம், அணைத்தால் காலையில் கிளம்பாது என்ற பயத்தில். விடிந்தபோது அடித்தகடான பெல்லி பிளேட் நிறைய ஆயில். அன்றைக்கு நானும் ரிங் என்றுதான் சொன்னேன்.

மக்மரி_மெக்கானிக் (3:15)

நான் ஃபோர்ட் மெக்மரியில் ஹெவி மெக்கானிக். லே அண்ணன் சொன்னது முழுக்கச் சரி. இனி செய்ய வேண்டியது.

கேஸ் டார்ச் எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தக் குழாயில் ஆயில் ஆவி இருக்கிறது, அக்கம்பக்கம் முழுக்க ஆயில் தெளித்திருக்கிறது. உங்கள் ஊதும் ஹீட்டரைத் தள்ளி வைத்து, தார்ப்பாயால் கூடாரம் மாதிரி மூடி, சூடான காற்றை மட்டும் குழாய் மேல் விடுங்கள். கம்பியால் குத்தினால் கட்டி மேலே போய் வளைவில் மாட்டிக்கொள்ளும். குழாய் கழலுமானால் கழற்றி பிக்கப் கேபினில் வைத்து உருக்குவது இன்னும் சுலபம். கீழே ஒரு தட்டும் உறிஞ்சும் துணியும் போடுங்கள். ஏரியில் சொட்டியதை மேற்பார்வையாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், மறைத்தால் பிறகு பெரிய தலைவலி.

வழி திறந்ததும் ஆயில் அளவு பார்த்து ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். லேசாக ஆவி வந்தால் இயல்பு. ரயில் எஞ்சின் மாதிரி புகை தள்ளினால் நாமக்கல் அண்ணன் சொன்னதற்கே திரும்பி வரலாம்.

நிரந்தரத் தீர்வுக்கு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்: குழாய்க்கு நுரை உறை சுற்றி, எஞ்சினை ஒட்டிய சூடான பகுதியில் ஒரு சின்னக் கீறல் போடச் சொல்லுங்கள். நுனி அடைத்தாலும் மூச்சு அங்கே வெளியேறும். ஆனால் பிரீதர் வெளியே தொங்கும் எஞ்சினுக்குத்தான் இது. ஆவியைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே இழுக்கும் மூடிய வகையில் கத்தியை வைக்காதீர்கள்.

காத்திருக்கும்போது ஆயிரம், ஆயிரத்து இருநூறு ஆர்பிஎம்மில் வையுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால், குளிர்காற்றைத் தடுத்து எஞ்சின் சூட்டைக் காக்கும் குளிர்காலத் திரை மாட்டியிருக்கிறீர்களா?

ஏரிமேல்_கிரேடர் (3:19)

திரை இருக்கிறது, முழுக்கத் திறந்து வைத்திருந்தேன். கத்தார் பழக்கம்.

வடக்கு_வாசி (3:31)

மைனஸ் 41 என்றால் காற்றோடு சேர்ந்து மைனஸ் 55 இருக்கும். 50:50 கூலன்ட் எல்லாம் தாங்காது. தண்ணீரே கலக்காமல் சுத்தமான கிளைக்கால் ஊற்றிவிடுங்கள், பிரச்சினையே வராது.

மக்மரி_மெக்கானிக் (3:38)

தயவுசெய்து ஊற்றாதீர்கள். சுத்த எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைய ஆரம்பிக்கும். தண்ணீர் கலந்தால்தான் உறைநிலை கீழே இறங்கும். பாதிக்குப் பாதி என்றால் மைனஸ் 37. கிளைக்கால் 60, தண்ணீர் 40 என்றால் மைனஸ் 50-ஐத் தாண்டும். காற்றோடு சேர்த்துச் சொல்லும் அந்த மைனஸ் 55 மனிதத் தோலுக்கான கணக்கு. காற்று அடித்தால் இரும்பு வேகமாகக் குளிரும், ஆனால் மைனஸ் 41 காற்றில் எந்த இரும்பும் மைனஸ் 42 ஆகாது.

ஆனாலும் இவர் ஒரு நல்ல விஷயத்தைக் கிளப்பிவிட்டார். மைனஸ் 37 வரை தாங்கும் கூலன்ட்டோடு மைனஸ் 41-இல் நிற்கிறீர்கள். டீசல் ஹீட்டர் நின்றால் கூலன்ட் கூழாகிவிடும். பேட்டரியைக் கவனியுங்கள். ஜெனரேட்டரிலிருந்து சார்ஜர் போட்டு வையுங்கள்.

நாமக்கல்_டீசல் (3:44)

எங்கள் ஊரில் பிரீதருக்குள் ஐஸ் என்றால் பட்டறையே சிரிக்கும். ரிங் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். தம்பி, குழாய் கழன்றதா?

ஏரிமேல்_கிரேடர் (மாலை 5:20)

கழன்றது. கையுறையோடு கிளிப்பைத் திருக முடியவில்லை, கழற்றினால் ஒரு நிமிடத்தில் விரல் மரத்துவிடுகிறது. பிக்கப்புக்கும் கிரேடருக்கும் பத்து நடை நடந்தேன். கேபினில் வைத்த கால் மணியில், ஒரு சாண் நீளக் கட்டி பழுப்புத் தண்ணீரோடு வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தது.

மாட்டிவிட்டு இரண்டரை லிட்டர் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். மூடியில் மெல்லிய ஆவிதான். டிப்ஸ்டிக் நாற்பது நிமிடமாக அசையவில்லை. துளையில் தண்ணீர் ஆறு சென்டிமீட்டருக்கு வந்திருந்தது. ஸ்காபரோ அண்ணன் சொன்னது மனதை அரித்ததால், மெதுவாக ஓட்டி ஏரியைக் கடந்து கரைப் பகுதியில் தரைமேல் கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். டயருக்கு அடியில் பலகை போட்டிருக்கிறேன்.

புல்லிக்குக் கீழே இன்னும் சொட்டுகிறது, நிமிடத்துக்கு ஒரு சொட்டு.

ஸ்காபரோ_லொறி (5:31)

ஐஸ் அரை சென்டிமீட்டர் இறங்கினதும் கிளம்பினீர்கள் பாருங்கள், அதுதான் சரி. இனி எஞ்சினைப் பற்றி ஆறுதலாகக் கதைக்கலாம்.

லே_பட்டறை (5:40)

சொட்டு முன்பக்க கிராங்க் சீல். அழுத்தத்தில் உதடு மடங்கியிருக்கும், அல்லது குளிரில் ரப்பர் விறைத்திருக்கும். நன்றாகச் சூடான பிறகும் சொட்டினால் சீலை மாற்றுங்கள். அதுவரை இரண்டு மணிக்கு ஒருமுறை ஆயில் அளவு பாருங்கள்.

ஏரிமேல்_கிரேடர் (மறுநாள் மாலை 6:05)

மெக்கானிக் வந்து பார்த்தார். குழாயில் கீறல் போட்டு, நுரை உறை சுற்றி, வெளியே தொங்கிய முழத்தையும் வெட்டிவிட்டார். கூலன்ட்டை, உறைநிலை காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் மைனஸ் 34 காட்டியது, ஸ்டிக்கர் பொய். கொஞ்சம் வடித்துவிட்டு கிளைக்கால் ஏற்றியிருக்கிறார். இன்று ஆறு மணி நேரம் ஓட்டினேன், திரையைப் பாதி மூடித்தான். டிப்ஸ்டிக் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சொட்டு நிற்கவில்லை. சீல் அடுத்த சப்ளை லாரியில் வருகிறது. சிந்திய ஆயிலுக்கு மூன்று பக்கப் படிவம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அழுக்கான ஐஸைச் சுரண்டி டிரம்மில் போட்டாயிற்று.