வனாமி கண்காம்பில் எம்.ஐ.எச். மரபணு எது என்று எப்படி உறுதி செய்வது?

கேள்வி: வணக்கம். மீன்வளம் முதுகலை படிக்கிறேன். வனாமி இறாலின் கண்காம்பிலிருந்து ஆர்.என்.ஏ. எடுத்து சீக்வென்ஸ் செய்தோம். பிளாஸ்ட் (வரிசைகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் கருவி) போட்டால் சி.எச்.எச். (இரத்தச் சர்க்கரையை ஏற்றும் ஹார்மோன்) குடும்பம் என்று பல வரிசைகள் வருகின்றன, எல்லாவற்றிலும் அதே ஆறு சிஸ்டீன் அமினோ அமிலங்கள். இவற்றில் தோலுரிப்பைத் தடுக்கும் ஹார்மோனான எம்.ஐ.எச். எது? பிளாஸ்ட்டில் முதலில் வரும் பெயரையே ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில் 1: தம்பி, தயவுசெய்து வேண்டாம். தரவுத்தளத்தில் உள்ள பெயரும் பெரும்பாலும் ஒற்றுமையை மட்டும் பார்த்து வைத்ததுதான். நான் கண்காம்பு ஹார்மோன்களில் வேலை செய்பவள். இந்த அவசரம் என்னை உண்மையிலேயே வருத்தும்.

முதலில், வரிசையின் தொடக்கத் துண்டான சிக்னல் பெப்டைடை அடுத்து சி.பி.ஆர்.பி. (சி.எச்.எச். முன்னோடிப் புரதத்தோடு வரும் துணைப் பெப்டைடு) பகுதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சி.எச்.எச்., ஒதுக்கிவிடலாம். மிஞ்சியதில் முதிர்ந்த பெப்டைடின் (தொடக்கத் துண்டு வெட்டப்பட்ட பின் எஞ்சும் ஹார்மோனின்) 12ஆம் இடத்தில் கிளைசின் இருக்க வேண்டும். குருமா இறாலில் 1996இல் கண்டறிந்த எம்.ஐ.எச். 77 அமினோ அமிலம் கொண்டது. உங்கள் வரிசையை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஆனால் முட்டை முதிர்ச்சியைத் தடுக்கும் ஜி.ஐ.எச்.சுக்கும் அதே கிளைசின்தான். மெட்டாபீனியஸ் என்சிஸ் என்ற இறாலில் எம்.ஐ.எச்.-பி என்று பெயர் பெற்றது முட்டைக்கருப் புரதம் உருவாவதைத் தூண்டியது! ஆகவே வேலையைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும். அந்த மரபணுவுக்கான இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை ஊசியில் செலுத்தி அதை அடக்குங்கள், இறாலில் இல்லாத ஜி.எஃப்.பி. (ஒளிரும் பச்சைப் புரதம்) மரபணுவுக்கான இழையை ஒப்பீட்டுக்கான கட்டுப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். எம்.ஐ.எச். குறைந்தால் தோலுரிப்பு ஹார்மோனைச் சுரக்கும் ஒய் உறுப்பின் மீதிருந்த தடை விலகும், அந்த ஹார்மோனான எக்டைசோன் ஏறும், அடுத்த தோலுரிப்பு முந்தி வரும். வால் துடுப்பு மயிர்க்கால்களை நுண்ணோக்கியில் பார்த்தால் டி நிலை (தோலுரிப்புக்கு முந்தைய நிலை) எட்டியது தெரியும்.

இன்னொன்று, எல்லா நிலை இறால்களின் கண்காம்பையும் ஒரே குப்பியில் கலக்காதீர்கள். நிலைவாரியான வேறுபாடு அதிலேயே கரைந்துபோகும்.

பதில் 2: நான் வேதாரண்யம் பக்கம் பண்ணை வச்சிருக்கேன். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி மோல்ட் ஆகும்போது (தோலுரிக்கும்போது) செக் ட்ரேயில, அதாவது தீனி தின்னுதான்னு பார்க்க வைக்கிற தட்டில, தீவனம் மிஞ்சும். மாதிரி எடுக்க அந்த நேரம் உதவுமா?

பதில் 1: ரொம்ப உதவும் அண்ணே. தீவனம் மிஞ்சத் தொடங்கினா உரிக்கப்போற இறாலும், இப்பதான் உரிச்ச, ஓடு மென்மையா இருக்கிற இறாலும் கலந்திருக்கும். தம்பி, வால் துடுப்பைப் பார்த்து நிலையைக் குறித்த பிறகே கண்காம்பை வெட்டுங்கள். வெட்டியதும் திரவ நைட்ரஜனில் போடுங்கள்.