எச்ஆர்-வி: ஒரே தலைமுறை, இரண்டு நீளம். எது சரி?

கேள்வி

வணக்கம். பழைய ஹோண்டா எச்ஆர்-வி ஒன்று வாங்க நினைக்கிறேன். காரணம், அம்மாவின் மடக்குச் சக்கர நாற்காலி. அம்மா முன் சீட்டில் உட்காருவார். நாற்காலியை டிக்கியில் தூக்கிப் போட்டே என் இடுப்பு போய்விட்டது. இந்த வண்டியில் பின் சீட்டின் அடிப்பகுதியை மேலே தூக்கி மடித்துவிட்டு, பக்கக் கதவு வழியாக நாற்காலியை நின்றபடியே உள்ளே தள்ளலாம் என்று படித்தேன்.

பார்த்து வைத்திருப்பவை இரண்டு: ஒன்று 2019, இன்னொன்று 2023. மூன்றாம் தலைமுறையின் நீளம் ஓரிடத்தில் 4.34 மீட்டர் என்றும் இன்னோரிடத்தில் 4.57 என்றும் இருக்கிறது. சீட் மடியும் என்கிறார் ஒருவர், மடியாது என்கிறார் மற்றவர். எதை நம்புவது?

பதில் 1

ஏதோ அச்சுப்பிழையாக இருக்கும். புதியதையே எடுங்கள், யோசிக்காதீர்கள்.

பதில் 2

அவசரப்படாதீர்கள். அச்சுப்பிழை இல்லை, இரண்டு அளவும் சரிதான். ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வண்டிகள் ஓடுகின்றன.

1998-ல் வந்த முதல் தலைமுறையை விட்டுவிடுவோம். 2006-ல் அது நின்றுபோனது, உங்கள் தேவைக்கும் சம்பந்தம் இல்லை. 2013 கடைசியில் ஜப்பானில் வெசெல் என்ற பெயரில் வந்ததுதான் இரண்டாம் தலைமுறை. ஹோண்டாவின் சின்னக் காரான ஜாஸின் அடித்தளம். பெட்ரோல் டேங்க் முன் சீட்டுகளுக்குக் கீழே போய்விட்டதால் பின் சீட்டுக்கு அடியில் இடம் காலி. நீங்கள் சொல்லும் 'மேஜிக் சீட்' அதனால்தான் சாத்தியம்.

2021-ல் வந்த மூன்றாம் தலைமுறையும் அதே வழிதான். நீளம் சுமார் 4.34 மீட்டர், சக்கர இடைவெளி அதே 2,610 மி.மீ. ஆனால் வட அமெரிக்காவுக்கு 2023 மாடலாக வந்தது ஹோண்டாவின் சிவிக் கார் அடித்தளத்தில் செய்த வேறு வண்டி. நீளம் 4.57 மீட்டர், 2.0 லிட்டர் எஞ்சின். வேறு பல நாடுகளில் அதற்குப் பெயர் இசட்ஆர்-வி. அதில் மேஜிக் சீட் கிடையாது.

அளந்து பார்க்க டேப் எல்லாம் வேண்டாம். பின் கதவின் கைப்பிடியைப் பாருங்கள். ஜன்னல் ஓரத்தில் மேலே ஒளிந்திருந்தால் மேஜிக் சீட் உள்ள வகை. எல்லாக் கார்களிலும் போலக் கதவின் நடுவில் இருந்தால் சிவிக் வகை.

கேட்டவர்

2023-ல் கைப்பிடி நடுவில்தான் இருக்கிறது! அடிப்பகுதியைத் தூக்கிப் பார்த்தேன், அசையவே இல்லை. மூன்றாம் தலைமுறையின் அந்தச் சின்ன வகையைத் தேடட்டுமா, 2019-ஐயே எடுக்கட்டுமா?

பதில் 2

சின்ன வகையில் பின் சீட்டில் கால் நீட்ட இடம் கொஞ்சம் கூடுதல். ஆனால் கூரை பின்னால் சரிந்து இறங்குகிறது. ஐரோப்பியக் கணக்கில் முந்தைய தலைமுறைக்கு, அதாவது உங்கள் 2019-க்கு, டிக்கி 470 லிட்டர், தரைக்கு அடியில் உள்ள இடத்தையும் சேர்த்து. புதியதற்கு 335-தான். அழகுக்குக் கொடுத்த விலை! அதன் ஹைப்ரிட் நகரத்துக்கு அருமை: பெரும்பாலும் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றும், எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும், நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் எஞ்சின் நேரடியாகச் சக்கரத்தோடு இணையும். இருந்தாலும் உங்களுக்கு நான் 2019 என்றுதான் சொல்வேன்.

பதில் 3

சகோ, 2019 சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) என்றால் ஒன்று கவனியுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள், உதறல் இருக்கக் கூடாது. சிவிடி ஆயில் எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். அந்த வண்டிக்கு ஹோண்டாவின் சிவிடி ஆயிலான எச்சிஎஃப்-2-தான், சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் ஊற்றியிருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம், நாற்காலியைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேட்டவர்

கொண்டுபோனேன். கால் வைக்கும் தட்டுகளைக் கழற்றினால் நின்றபடியே உள்ளே போகிறது, கழற்றாவிட்டால் கதவில் இடிக்கிறது. உதறல் இல்லை, எச்சிஎஃப்-2 ரசீதும் இருக்கிறது. அம்மா முன் சீட்டில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். 2019-க்கு முன்பணம் கொடுத்துவிட்டேன்.