சொந்தமா ஒரு ஆர்பிஜி இதழ் போடணும், முன்னாடி போட்டவங்க கதை என்ன?

சுங்கைதாயம்:
வணக்கம். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல நாங்க அஞ்சு பேர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க சித்தப்பா கடை மாடியில டி அண்ட் டி (டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு பாத்திரமா மாறி டைஸ் உருட்டி கதை நடத்துற ஆர்பிஜி) விளையாடுறோம். பேச்செல்லாம் தமிழ்தான், டைஸ் மட்டும் ஷோப்பியில வாங்குனது. சொந்தமா சில சாகசங்கள் எழுதி வச்சிருக்கோம். ஒண்ணு கைவிட்ட ரப்பர் தோட்டத்து ஸ்மோக்ஹவுஸ்ல, அதான் ரப்பர் ஷீட்டைப் புகையில காய வைக்கிற கொட்டகையில, நடக்குது. வாசல்ல முனியாண்டிக்குச் சுருட்டு வைக்காம உள்ள போனவன் ரெண்டாவது ரூமைத் தாண்ட மாட்டான். இதெல்லாம் சேர்த்து சின்ன இதழா கொண்டு வரணும்னு ஆசை. வெளிநாட்டுல இந்த மாதிரி இதழ்களை யார் நடத்துனாங்க, ஏன் நின்னு போச்சு? தமிழ்ல போட்டா எவன் வாங்குவான்னு மட்டும் கேட்காதீங்க. அதை எங்கம்மா தினமும் கேக்குறாங்க.

பழையபேப்பர்:
தம்பி, நானும் சுங்கை சிப்புட்தான், இப்ப ஈப்போவுல. எங்கப்பாவுக்குப் பழைய பேப்பர் வியாபாரம். 80-களில் லாரியில வர்ற கட்டுகளைப் பிரிச்சு அடுக்குறது என் வேலை. ஒரு நாள் பிரிச்ச கட்டுல பாதி 'ஒயிட் டுவார்ஃப்'ங்கிற இங்கிலீஷ் கேம் இதழ். அட்டையில பூதம், உள்ள ஏதோ கணக்கு அட்டவணை. பள்ளிக்கூடத்துக்கு வேணும்னு அப்பாகிட்ட புளுகி எடுத்து வச்சுக்கிட்டேன். விளையாட்டே தெரியாம இதழை மட்டும் படிச்சவன் நான், அதனால எனக்கு இதழ்மேலதான் பைத்தியம்.

டி அண்ட் டி வெளிவந்தது 1974-ல. அடுத்த வருஷமே இங்கிலாந்துல ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன், ஜான் பீக்னு மூணு பேர் கேம்ஸ் வொர்க்‌ஷாப்னு ஒரு கம்பெனியைத் தொடங்கி 'ஆவுல் அண்ட் வீசல்'னு ஒரு துண்டு இதழ் விட்டாங்க. அது கைமாறி அமெரிக்காவுல, டி அண்ட் டியை உண்டாக்கினவங்கள்ல ஒருத்தரான கேரி கைகாக்ஸ் கைக்குப் போச்சு. அவர் டி அண்ட் டி அனுப்பி வைக்க, இவங்க ஆறு பெட்டி ஆர்டர் பண்ணாங்க. ஆறே ஆறு! அதை வச்சு ஐரோப்பா முழுக்க விக்கிற உரிமையை வாங்கிட்டாங்கன்னா பார்த்துக்க. 1977-ல துண்டு இதழ் போய் ஒயிட் டுவார்ஃப் வந்துச்சு.

அதுல எனக்குப் பிடிச்சது 'ஃபீன்ட் ஃபேக்டரி'ங்கிற பகுதி. வாசகர்கள் தாங்களே பூதம் உண்டாக்கி அனுப்புவாங்க. அதுல தேறினதையெல்லாம் சேர்த்து 1981-ல 'ஃபீன்ட் ஃபோலியோ'ன்னு அதிகாரபூர்வப் புத்தகமே வந்துச்சு. கித்யாங்கின்னு இன்னைக்கு கம்ப்யூட்டர் கேம்ல கூட வருதே, அந்தக் கூட்டத்தை எழுதி அனுப்பினவர் சார்ல்ஸ் ஸ்ட்ராஸ். அப்ப இளவட்டம், பின்னாடி பேர் வாங்கின நாவலாசிரியர்.

80-கள் முடியறதுக்குள்ள கம்பெனிக்கு அவங்க சொந்த விளையாட்டான வார்ஹேமரோட பொம்மைகள்ல காசு கொட்ட ஆரம்பிச்சுது. மத்தவங்க விளையாட்டுகளைப் பத்தி எழுதுறது கொஞ்சம் கொஞ்சமா நின்னு, முழுக்க சொந்தச் சரக்குக்கான இதழா ஆயிடுச்சு. இன்னைக்கும் வருது, நான் வாங்குறதில்ல.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு சொல்றேன், உனக்கு வேண்டியது அதுதான். லாஸ் ஏஞ்சலஸ்ல லீ கோல்டுங்கிற அம்மா 1975-ல 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' தொடங்கினாங்க. ஆளாளுக்கு நாலஞ்சு பக்கம் எழுதி அனுப்புவாங்க, அவங்க அதை ஒண்ணாச் சேர்த்து பின் அடிச்சுத் திருப்பி எல்லாருக்கும் அனுப்புவாங்க. போன மாசம் நீ எழுதினதுக்கு இந்த மாசம் நான் பதில், அடுத்த மாசம் அதுக்கு ஒருத்தன் சண்டை. ஆரம்பத்துல ஸ்டென்சில் உருட்டி அடிச்சதுதான், நம்ம பள்ளிக்கூடத்துல சோதனைத்தாள் அடிச்ச மாதிரியே மை வாசனையோட. விளம்பரத்தை நம்பல, பெரிய கம்பெனியை நம்பல. கிட்டத்தட்ட அம்பது வருஷம் ஓடி 2025-லதான் நின்னுச்சு.

டிஎம்_குலிம்:
அண்ணே, கம்பெனி இதழ்னா ஒதுக்கிடணுமா? 'டிராகன்' 1976-ல டி அண்ட் டியை வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனி தொடங்கினது, 2007 வரைக்கும் அச்சுல வந்துச்சு. 359 இதழ். அதுல எழுதக் கத்துக்கிட்டவங்க எத்தனை பேர்!

பழையபேப்பர்:
கரெக்ட், டிராகனை நான் குறை சொல்லல. ஆனா நின்ன விதத்தைப் பாருங்க. கடைசியில அதை வெளியிட்டது பைசோங்கிற பதிப்பகம், உரிமை டிஎஸ்ஆரை வாங்கின விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்கிட்ட. 2007-ல உரிமத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க, 'டிராகன்', அதோட ஜோடி இதழ் 'டஞ்ஜன்' ரெண்டும் ஒரே நேரத்துல அச்சுல வர்றது நின்னுச்சு. விக்காம நின்னா சரின்னு போயிடலாம், இது வீட்டுக்காரன் சாவியைக் கேட்ட கதை. அதே வருஷம் உல்ஃப்கேங் பவுர்ங்கிற கேம் எழுத்தாளர் 'கோபோல்ட் குவார்ட்டர்லி'ன்னு சொந்தமா ஆரம்பிச்சார். அது 2012-ல 23 இதழோட முடிஞ்சாலும் அவரோட பதிப்பகம் இன்னும் புத்தகம் போட்டுக்கிட்டிருக்கு. தான் எப்ப நிறுத்துறதுன்னு அவரே முடிவு பண்ணார் இல்ல?

மைக்கறை:
நான் அச்சகத்துல வேலை செய்றவன், அதனால வேற விஷயம். தொடர்ந்து வர்ற இதழ்னா 1984 அச்சகச் சட்டப்படி உள்துறை அமைச்சு (கேடிஎன்) பெர்மிட் வேணும். முதல்ல தனிப் புத்தகமா ஒண்ணு போட்டுப் பாரு, தொடரணும்னா அப்ப கேடிஎன்ல விசாரி. விளையாட்டு விதிகளை எடுத்துப் போடப் பயப்படாத. டி அண்ட் டி அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில யாரும் எடுத்துக்கலாம்ங்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டுட்டாங்க, மூலத்தைக் குறிப்பிட்டா போதும். பிஹோல்டர் மாதிரி சில பூதங்களோட விவரம் மட்டும் அதுல கிடையாது. முனியாண்டிக்கு யார் அனுமதியும் வேணாம்லா.

ஏ4 தாளை மடிச்சா நாலு பக்கம், ஆறு தாள்னா 24. தாள் கூடக் கூட நடுத்தாள் வெளிய துருத்தும், ஓரம் வெட்ட வேண்டி வரும். அந்தச் சின்னப் பக்கத்தை நெட்டுக்கு ரெண்டா பிரிச்சு ரெண்டு பத்தியா போடாத. தமிழ்ச் சொல் நீளம், வரிக்கு ரெண்டு சொல்தான் நிக்கும், மீதி வெள்ளை.

சுங்கைதாயம்:
ரொம்ப நன்றி அண்ணே எல்லாருக்கும். கடைசி நாலு பக்கத்தை வாசகர் பூதத்துக்குன்னு காலியா விட்டுடறோம். பழையபேப்பர் அண்ணே, முதல் பூதம் நீங்க அனுப்புறீங்களா?

பழையபேப்பர்:
அனுப்புறேன். ஒட்டுப்பால், அதான் காய்ஞ்சு ஒட்டின ரப்பர் பால், அந்தக் கூடைக்குள்ள இருந்து வர்றது. நாத்தத்துலயே ரெண்டு ரவுண்ட் மயக்கம் போடணும், தப்பிக்க உருட்டுற டைஸுக்கு, அதான் சேவிங் த்ரோ, எவ்வளவு வைக்கலாம்னு நீங்க சொல்லுங்க.