புளியரை ஏற்றத்தில் ஒரு லிட்டர் எஞ்சின் கார் என்னைத் தாண்டிப் போனது. உங்களுக்கும் நடந்ததுண்டா?

செங்கோட்டை 1596

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் இருப்பது பழைய ஃபியட் பேலியோ, 1.6 லிட்டர் எஞ்சின். இங்கே இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நூறு குதிரைத்திறன், காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற டர்போ கிர்போ எதுவும் கிடையாது. பங்க்கில் பெட்ரோல் போடுகிற பையன் என்னைப் பார்த்தாலே சிரிப்பான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மழை விட்ட சாயங்காலம், புனலூரில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பினேன். புளியரை செக்போஸ்ட் தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது முன்னால் எம்சாண்ட் லாரி. தெரிந்த கதைதான். வளைவு முடிந்து பாதை கொஞ்சம் நேராகும் இடத்தில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டாவது கியர், எஞ்சின் சுற்றைக் காட்டும் ஊசி நாலாயிரத்துக்கு மேல், அப்புறம் வலது இண்டிகேட்டர். இத்தனை வருடத்தில் தப்பாத கணக்கு. அன்றைக்கும் கியரை இறக்கிவிட்டு ஊசி ஏறட்டும் என்று காத்திருந்தேன். அந்த ஒரு நொடியில் கண்ணாடியில் ஒரு வெள்ளைக் குட்டி வண்டி, கேரளப் பதிவு. அடுத்துப் பார்த்தபோது அது எனக்கு முன்னால். அதற்கடுத்துப் பார்த்தபோது லாரிக்கும் முன்னால். ஜன்னலை இறக்கி வைத்திருந்ததால் ஒரு 'உஸ்ஸ்' மட்டும் காதில் விழுந்தது, சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி.

யாரோ இளவட்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஆரியங்காவில் டீக்கடை முன்னால் அதே வண்டி நின்றது. ஓட்டியவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும், வெள்ளை வேட்டி. பக்கத்தில் மனைவி. பின் சீட்டில் பாவூர்சத்திரம் சந்தையில் வாங்கிய சின்ன வெங்காய மூட்டை, அதன் மேல் முருங்கைக்காய்க் கட்டு. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. என்னை முந்தியது அவருக்கு ஒரு சம்பவமாகவே படவில்லை. என் வண்டியை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நிஜமான அக்கறையோடு கேட்டார்: "எந்தா சாரே, ஏற்றத்தில் இத்தற சத்தம்? சைலன்சர் பொட்டியோ?"

ஒரு மாதம் ஆகிறது. உடைந்துபோச்சா என்று கேட்ட அந்தப் 'பொட்டியோ' இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

போடிமெட்டு பதினேழு

அண்ணே, நல்லாச் சிரித்தேன். ஆனால் உங்கள் கதை பாதிதான். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

என்னுடையது ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி, பழைய 1.2 டிஎஸ்ஐ டர்போ. நான்கு சிலிண்டர், 105 பிஎஸ், அதாவது குதிரை. 2020இல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது அந்த எஞ்சினை எடுத்துவிட்டு மூன்று சிலிண்டர் 1.0 போட்டார்கள். காகிதத்தில் ஐந்து குதிரை கூடுதல், டார்க் என்கிற இழுவிசை அதே 175. ஒரு சிலிண்டர் போய்விட்டதே என்று நாங்கள் துக்கம் விசாரித்துக்கொண்டது இங்கே பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும்.

என் மச்சானும் ஒரு லிட்டர் டர்போ ஒன்று வாங்கினான். எந்த வண்டி என்று சொல்ல மாட்டேன், அவன் இதைப் படிப்பான். மூணாறு போகும்போது "நீயே ஓட்டு மாமா" என்று சாவியைக் கொடுத்துவிட்டான். போடிமெட்டு ஏற்றத்தில் பதினோராவது வளைவு என்று நினைக்கிறேன். முன்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப், பின்னால் கம்பியைப் பிடித்து இரண்டு பேர் தொங்குகிறார்கள். வளைவுக்குள் வேகம் செத்துவிட்டது. இரண்டாவது கியர், ஆயிரத்து நானூறு ஆர்பிஎம். மிதித்தேன். ஒன்றும் இல்லை. வண்டி மூச்சை இழுத்துக்கொண்டு நிற்கிறது. ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். இன்னும் அழுத்தினேன். அப்புறம் சேர்த்து வைத்த மொத்தமும் ஒரே அடியாக வந்தது. ஈரச் சருகில் முன் சக்கரம் வழுக்கி, மூக்கு ஜீப்பின் பின்பக்கம் நோக்கிப் போய், நான் காலை எடுத்து... ஒன்றும் ஆகவில்லை. தொங்கிக்கொண்டிருந்தவர் என் கண்ணை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் இன்னும் போகவில்லை.

லாரிக்குப் பின்னால் நேர்ப் பாதையில் டர்போ ராஜா. கொண்டை ஊசியில் கால் சொல்வதை அப்படியே கேட்கிற எஞ்சின் வேண்டும். உங்கள் 1.6 அதைக் கேட்கும்.

ஆனால் உயரம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்கக்கூடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சாதாரண எஞ்சின் ஏறக்குறைய பத்து சதவீத சக்தியை இழக்கும், காற்று மெலிந்துபோவதால். டர்போ அந்த மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே திணிப்பதால் அதற்கு இழப்பு குறைவு. மேலே போன பிறகு மச்சான் வண்டி புதுசு போலத்தான் ஓடியது. வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்.

குழித்துறைக்காரன்

முதல் பதிவு போட்டவருக்கு: எஸ் வளைவு முடிகிற இடத்தில் லாரியை முந்துவதில் கணக்கு என்ன வேண்டிக்கிடக்கிறது? எதிரில் கோட்டைவாசல் இறக்கத்தில் பிரேக் சூடாகி இன்னொரு லாரி வந்தால்? நீங்களும் தப்பு, வேட்டிக்காரரும் தப்பு. எத்தனை சிலிண்டர் என்பதெல்லாம் அப்புறம்.

வாளையார் காற்று

குழித்துறைக்காரரே, நியாயம். ஆனால் இது அனுபவம் சொல்கிற இடம், ஆர்டிஓ ஆபீஸ் இல்லை.

எனக்கு உறுத்துவது வாங்காமல் விட்ட வண்டி. டியாகோ ஜேடிபி. 2018 கடைசியில் வந்தது. டாடாவும் எங்கள் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து செய்தது. 1.2 டர்போ, 114 பிஎஸ், ஆரம்ப விலை 6.39 லட்சம். இந்தக் காசுக்கு இப்படி ஒரு வண்டி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நண்பன் ஒருவன் வாங்கிய முதல் வாரமே சாவியைக் கொடுத்தான். வாளையார் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எதிரில் அடிக்கும், ஆடி மாதம் என்றால் சின்ன வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தக் காற்றில் மூன்றாவது கியரில் அழுத்தியபோது வண்டி காற்றைச் சட்டையே செய்யவில்லை. இறங்கி வந்து நண்பனிடம் நான் சொன்ன வார்த்தை: "நல்லாத்தான் இருக்கு, ஆனா மூணு சிலிண்டர்டா." இரண்டு வருடம்கூட ஆகவில்லை, பிஎஸ்6 வந்தது, வண்டி போய்விட்டது. இப்போது பழைய வண்டிச் சந்தையில் தேடினால், வைத்திருப்பவன் விற்க மாட்டேன் என்கிறான்.

போடிக்காரர் சொன்ன துக்கம் விசாரிப்பு பற்றி ஒன்று. எஞ்சின் சுருங்கியதற்குக் கம்பெனிக்காரன் மட்டும் காரணம் இல்லை. 2006 பட்ஜெட்டை எடுத்துப் பாருங்கள். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், அப்படி இருந்தால் வரி குறைவு. அந்தக் கோட்டுக்குள் நிற்கத்தான் ஸ்விஃப்ட்டே 2010இல் 1.3ஐ விட்டுவிட்டு 1.2க்கு இறங்கியது. இன்றைக்கு வித்தியாசம் இன்னும் பெரிது. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு கோட்டுக்குள் ஜிஎஸ்டி 18 சதவீதம், வெளியே 40. அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு ஒருவன் நமக்கு 110, 120 குதிரை தர வேண்டும் என்றால் காற்றை அமுக்கித்தான் தர வேண்டும். நம்மூரில் 1.6 ஹாட் ஹேட்ச், அதாவது வேகமான குட்டிக் கார், ஏன் இல்லை என்று அழுகிறவர்கள் பட்ஜெட் அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து அழுங்கள்.

மார்த்தாண்டம் டு மான்செஸ்டர்

நான் இப்போது ஊரில் இல்லை, ஆனாலும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இங்கே ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி ஓட்டினேன், நண்பனுடையது. 2018இல் அதுவும் 1.6 நான்கு சிலிண்டரிலிருந்து 1.5 மூன்று சிலிண்டருக்கு மாறியது. 200 பிஎஸ். மெதுவாகப் போகும்போது அதில் ஒரு சிலிண்டர் தானாகவே தூங்கிவிடும், இரண்டில் ஓடும். முதல் ரவுண்டானாவிலேயே என் வாய் அடைத்துவிட்டது. 1976இல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ 1.6 லிட்டரில் கொடுத்தது 110 குதிரை. நம்மூர் போலோ 1.0 கொடுத்ததும் அதே 110. எதற்கு இவ்வளவு அழுகை?

போடிமெட்டு பதினேழு

அந்த 110ஐயும் இந்த 110ஐயும் பக்கத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பிக் கேளுங்கள். எதற்கு அழுகை என்று தெரியும்.

நாகர்கோவில் பட்டறை

தம்பிமார்களே, எல்லோரும் ஓட்டிய கதை சொல்கிறீர்கள். நான் கழற்றிய கதை சொல்கிறேன். போன வருடம் ஒரு சின்ன டர்போ வண்டி வந்தது. வண்டி பேர் வேண்டாம். ஓட்டியவர் எண்ணெய் மாற்றுவதை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தார். டர்போவுக்குள் எண்ணெய் கருகி, கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான் என் கதை.

இப்போது கேளுங்கள். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். ஆகவே எண்ணெயில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடு எதுவோ அதையே ஊற்றுங்கள், "இதுவும் அதுதான் சார்" என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். காலையில் சாவி போட்ட உடனே விரட்டாதீர்கள். காட் ரோட்டில் அடித்து ஏறி வந்து டீக்கடை முன்னால் உடனே ஆஃப் செய்யாதீர்கள், ஒரு நிமிடம் ஓட விடுங்கள், அதற்குள் டீ வந்துவிடாது. மைலேஜுக்கு ஆசைப்பட்டு ஐந்தாவது கியரில் முப்பதில் உருட்டிக்கொண்டே போய் அப்படியே மிதிக்காதீர்கள். நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் சின்ன டர்போவில், ஸ்பார்க் வருவதற்கு முன்பே உள்ளே தீப்பிடிக்கலாம். பிஸ்டன் போகிற அளவுக்கு அடி விழும். போடித் தம்பி ஆயிரத்து நானூறில் மிதித்தேன் என்கிறாரே, அதைத்தான் சொல்கிறேன். முதல் கியருக்கு இறங்கியிருந்தால் மிதித்த பிறகு டர்போ தாமதிக்கிற அந்த லேக்கும் இல்லை, ஜீப்பும் இல்லை. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், கூலன்ட் ஊற்றுங்கள். காற்று ஃபில்டரை ஊதி ஊதியே மூன்று வருடம் ஓட்டாதீர்கள். டியூனிங் பெட்டி வாங்கி மாட்டிக் குதிரையைக் கூட்டுகிறேன் என்று யாராவது வந்தால் முதலில் கிளட்ச் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னும் இருக்கிறது, கடையில் ஆள் வந்துவிட்டது.

வாளையார் காற்று

அண்ணாச்சி, அந்த ஒரு நிமிடக் கணக்கு எல்லா வண்டிக்கும் பொருந்தாது. இப்போது சிலவற்றில் எஞ்சினை அணைத்த பிறகும் டர்போவுக்குத் தண்ணீர் சுற்ற வைக்கத் தனி மின்பம்பு இருக்கிறது. மற்றதெல்லாம் சரி. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சரி.

மீனாட்சிபுரம் மலர்

நான் பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் தினமும் போய்வருகிறவள். ஹூண்டாய் ஐ20 என் லைன், 2023க்குப் பிறகு வந்த ஆறு கியர் மேனுவல், 120 பிஎஸ். லேக், வரி எல்லாம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். எனக்கு வேறு ஒன்று.

எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அப்பா, பழைய 1.3 ஸ்விஃப்ட்டில். அவர் மீட்டரைப் பார்க்கவே விட மாட்டார். "காதால ஓட்டு. அது கேக்கும்போது மாத்து" என்பார். அந்த வண்டி உண்மையிலேயே கேட்கும். புது வண்டி வந்த இரண்டாவது நாள் அப்பாவை ஓட்டச் சொன்னேன். கோபாலபுரம் பக்கம், இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, காலி ரோடு. கண்ணாடி ஏற்றியிருந்தது, ஏசி ஓடியது. இரண்டாவது கியரில் எடுத்தார். டார்க் எல்லாம் கீழேயே வந்துவிடுவதால் வண்டி சிரமமே படாமல் போய்க்கொண்டே இருக்கிறது. எண்பதைத் தாண்டியும் அதே இரண்டாவது கியர். அவர் தலையை லேசாக டேஷ்போர்டு பக்கம் சாய்த்தார், தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்ப மாத்தறதுன்னு இது சொல்லவே இல்லயே கண்ணு."

ஊசியைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், மாற்றினார். திரும்பி வரும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். வண்டி அருமை என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறார். அப்புறம் ஒருமுறைகூட ஓட்டக் கேட்கவில்லை. எனக்கு அந்த வண்டி பிடித்திருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

செங்கோட்டை 1596

மலர் எழுதியதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை, மழை வருகிறதென்று போய்க் காயப்போட்ட துணியை எடுத்தாள்.

குழித்துறை அண்ணனுக்கு: ஒப்புக்கொள்கிறேன். இனி அந்த இடத்தில் முந்த மாட்டேன்.

போன ஞாயிறு தென்காசியில் ஒரு ஷோரூமுக்குப் போய் ஒரு லிட்டர் டர்போ ஒன்றை டெஸ்ட் டிரைவ் எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்த பையன் இலஞ்சி தாண்டியதும் "இப்ப மிதிங்க சார், டர்போ வரும்" என்றான். வந்தது. நன்றாகவே வந்தது. இறங்கும்போது என் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய், வெளியே நிறுத்தியிருந்த என் வண்டிச் சாவியைத் தடவிப் பார்த்தது. பையன் அதைப் பார்த்துவிட்டான். "எக்ஸ்சேஞ்ச் போடலாம் சார்" என்றான்.

கம்பம் புதியவன்

தலைப்புக்குச் சம்பந்தம் இல்லை, மன்னிக்கவும். பேலியோ 1.6க்கு டைமிங் பெல்ட் எங்கே கிடைக்கும்? மாமா வண்டி இரண்டு மாதமாக குமுளி ரோட்டு ஷெட்டில் நிற்கிறது.

செங்கோட்டை 1596

சென்னை புதுப்பேட்டையில் நான்கு வருடத்துக்கு முன்னால் மூன்று வாங்கி வைத்தேன். இரண்டு மிச்சம். ஒன்று தருகிறேன், காசு வேண்டாம். ஷெட்டில் மாட்டும்போது வாட்டர் பம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.